பெரிய சுத்து

காக்கி பேண்ட் பாக்கெட்டில் இருந்ததை எழிலரசி மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சின்ன இரும்புத் துண்டுதான். ஆனால் ஒரு ஆளை மண்ணைக் கவ்வ வைக்க அது போதும்.

ஒரகடம் கம்பெனி பஸ் காப்புக்காட்டு கேட்டில் வந்து நின்றது. மகளிர் தின டூர். அஞ்சாம் லைன் பெண்கள் நாற்பது பேர் இறங்கினார்கள். அவர்களைக் கட்டி மேய்க்க வந்த ஒரே ஆம்பளை சூப்பர்வைசர் புருஷோத்தமன்.

சூப்பர்வைசர் என்றால் சும்மாவா? யார் எந்த ஸ்டேஷனில் நிற்பது, யாருக்கு ஓ.டி., யாருக்கு லீவு, நடுவில் யாராவது வெளியே போனால் அவள் இடத்தில் நிற்க மாற்றாளாக ரிலீவரை எப்போது அனுப்புவது, எல்லாம் அந்த மனுஷன் வாயைத் திறந்தால்தான் நடக்கும்.

"வாங்க சார். இன்னிக்கு நான்தான் உங்க கைடு."

"பேரு இன்னாம்மா?"

"எழிலரசி."

"நல்ல பேரு" என்றவர் செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்.

கொழுப்பைப் பாருங்கள்! மூன்று வருஷம் அதே அஞ்சாம் லைனில் அவர் கண்ணெதிரே நின்று ஸ்க்ரூ முடுக்கினவள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், லைனே வேடிக்கை பார்க்க அவளை அழவைத்து அனுப்பியவர் இவர்தான். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். அதைத் திருப்பிக் கொடுக்காமல் சாகக்கூடாது என்று அவள் இருந்தாள். அவருக்கு அவள் முகம்கூட ஞாபகமில்லை.

சத்யப்பிரியாவுக்கு ஞாபகமிருந்தது. அன்றைக்குத் தன் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி எழிலரசிக்குக் கொடுத்தவள் அவள்தான். இன்னமும் அதே லைனில்தான் நிற்கிறாள்.

"வெயிலு மண்டையப் பொளக்குது சார், குடிங்க" என்று எழிலரசி மோரை நீட்டினாள். பெண்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். அவருக்கு மட்டும் மூன்று. அதுக்கு மேலே ஒரு இளநீர், ரெண்டு கீத்து தர்பூசணி. மாப்பிள்ளைகூட இந்த உபசாரத்துக்கு ஆசைப்பட மாட்டான்.

சத்யப்பிரியா அவளை ஓரமாக இழுத்தாள். "ஏய், இன்னாத்தடி கலந்து கீற? போலீஸு கேஸு ஆயிடப் போவுது."

"உப்பு, இஞ்சி, கறிவேப்பில. வோணும்னா நீயும் இன்னொரு டம்ளரு குடி."

காட்டுக்குள் நடைபாதை ரெண்டு. சின்ன சுத்து ஒரு கிலோமீட்டர், பெரிய சுத்து அஞ்சு.

"சின்னதே போதும்மா" என்றார் புருஷோத்தமன்.

"பெரிய சுத்துலதான் சார் மானு நிக்கும். பாதைய வுட்டு மட்டும் யாரும் எறங்கக் கூடாது, கண்ணாடி விரியன் கீது. நீங்க நடுவுல வாங்க சார், அப்பதான் ரெண்டு பக்கமும் பாத்துக்க முடியும்."

ஒத்தையடிப் பாதை. முன்னால் இருபது பெண்கள், பின்னால் இருபது பெண்கள், நடுவில் அவர். ரெண்டாவது கல் வரைக்கும் ஜோக் அடித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கல்லில் பேச்சு நின்றது.

"இன்னும் எவ்ளோ தூரம்மா?"

"கிட்டக்க வந்துட்டோம் சார்."

நாலாவது கல்லிலும் அதையேதான் சொன்னாள். அங்கிருந்து ஏரி மேல் மரப்பாலம். ரெண்டு பக்கமும் தண்ணீர். நாரையைக் காட்டுகிறேன் என்று நடுப்பாலத்தில் கால் மணி நேரம் எல்லாரையும் நிறுத்திவைத்தாள். புருஷோத்தமன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

சத்யப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எழிலரசி பக்கத்தில் வந்தாள். "அடிப்பாவி! ஆளு மூஞ்சே செரியில்ல. செத்துகித்து வெக்கப் போறாருடி."

"ஒண்ணும் ஆவாது. அன்னிக்கு நான் செத்தேனா?"

அவள் கை பாக்கெட்டுக்குள் போனது.

பாலம் முடிந்ததுதான் தாமதம், புருஷோத்தமன் முன்னால் நின்ற பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். மரத்தடியில் ரெண்டு கழிப்பறை. பெண்களுடையது திறந்திருந்தது, அதற்குள் அங்கே ஏழெட்டுப் பேர் வரிசை கட்டிவிட்டார்கள். பக்கத்துக் கதவைப் பிடித்து இழுத்தார். பூட்டு.

"சாவி! யம்மா, சாவி எங்க?"

எழிலரசி நிதானமாக நடந்து வந்தாள். பாக்கெட்டிலிருந்து அந்த இரும்புத் துண்டை எடுத்து வெயிலில் காட்டினாள். அவர் கையை நீட்டினார். கொடுக்கவில்லை.

"அர்ஜென்ட்டும்மா... தாங்க முடியலம்மா... உன் கால்ல வுழறேன், ஒரே நிமிஷம்..."

தொடை ரெண்டையும் இடுக்கிக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். நாற்பது பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் இரக்கமில்லை. சத்யப்பிரியாவுக்கு இப்போதுதான் பிடிபட்டது. அன்றைக்குத் தன் கோட்டை அவள் எழிலரசியின் இடுப்பில் அல்லவா கட்டிவிட்டாள்!

எழிலரசி சாவியைத் திரும்பவும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவர் சிரித்த மாதிரியே சிரித்தாள்.

"ரிலீவர் வரட்டும் சார், அப்பால போலாம்."