முதுகில் படாத சேறு

"அகலமான மட்கார்டா மாட்டுப்பா. பொட்டுச் சேறு மேல தெறிக்கக் கூடாது" என்றார் இங்கோசி.

கென்யாவின் காக்கமேகா ஊர்க் கடைத்தெரு மெக்கானிக் லிஹாண்டா, பைக்கின் பின்சக்கரத்துக்கு மேல் ரப்பர் தடுப்பைப் பொருத்தி நட்டை முடுக்கினான். "சட்டையைத் துவைச்சுத் துவைச்சு அண்ணி அலுத்துட்டாங்களா?"

"துவைக்கிறதுக்கு ஒண்ணுமில்லாததுதான் வம்பே! போன சனிக்கிழமை கொட்டுற மழையில வீட்டுக்குப் போனேன். முதுகுல சேறே இல்ல. 'உங்க முதுகுல படவேண்டிய சேத்தை, பின்னாடி உட்கார்ந்து யாரு வாங்கிக்கிட்டா?'ன்னு கேக்குறா."

"அடப்பாவி அண்ணே!"

"கத்தாதடா. இது இருந்தா, தனியா போனாலும் சட்டை சுத்தம், சோடியா போனாலும் சுத்தம். கண்டுபிடிக்க முடியாதில்ல?"

"அந்த மகராசி யாருண்ணே?"

இங்கோசி வண்டியைக் கிளப்பினார். சந்தை முனையில் குடைக்குள் முகத்தை மறைத்து நின்ற பெண், சட்டென்று பின்னால் ஏறிக்கொண்டாள்.

"சீக்கிரம் விடு. மாட்டுச் சண்டை ஆரம்பிச்சிரும்."

"அங்க வந்து தொண்டை கிழியக் கத்தாதீங்கம்மா. பிரஷர் ஏறிடும்னு உங்க மருமக தலையால அடிச்சுக்கிறா."

"நர்சுன்னா அதட்டிக்கிட்டேதான் இருப்பா. ஜெபக் கூட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அவ என்மேல சந்தேகப்படுறாம்மா. பின்னாடி யாருன்னு மறுபடி கேட்டா என்ன சொல்ல?"

அம்மா குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தாள்.

"வேற பொம்பள ஒருத்தின்னு சொல்லிடு. என்னை மட்டும் காட்டிக் கொடுத்துடாதே!"