ஸ்பெயினுக்குப் பூட்டிய வண்டி

“தோந்தே லே துவேலே?” என்று என் வீட்டுக்காரர் வீரனைப் பார்த்துக் கேட்டார்.

வீரன் எங்கள் பண்ணையாள். தோளில் துவண்டு கிடந்த மகளை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு விழித்தான்.

“சாமி, கொழந்தைக்கு விடியக்காலத்துல இருந்து இழுப்புங்க. வண்டி குடுத்தீங்கன்னா...”

“குறுக்க பேசாதடா. இப்ப நீ ஸ்பெயின்காரன். குண்டடி பட்டுக் கெடக்கற. எங்க வலிக்குதுன்னு நான் கேக்கறேன்.”

இவர் ஸ்பெயினுக்குப் போகிறார். அங்கே சண்டையாம். ஏழைக் குடியானவர்கள் துப்பாக்கி தூக்கியிருக்கிறார்களாம். அவர்களுடைய புண்ணுக்குக் கட்டுப் போட இவரை விட்டால் ஆளில்லையாம்.

மெட்ராசிலிருந்து வந்த புத்தகத்தில் கேள்வி கேட்கும் பாடத்தை மட்டும் ஒரு மாதமாக உருப்போட்டார். பெயர் என்ன, பசிக்கிறதா, எங்கே வலிக்கிறது. பதில் சொல்லும் பாடத்தைக் கப்பலில் பார்த்துக்கொள்வாராம்.

அந்தப் பாஷையில் கேள்விக்குறியைத் தலைகீழாக ஒன்று முன்னால் போட்டுவிட்டுத்தான் கேள்வியையே எழுதுவார்களாம். இவரே கண்டுபிடித்ததுபோல அதில் ஒரு பெருமை.

கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வீரன் மகளுக்குச் சின்னாயி என்று பெயர். எங்கள் தொழுவத்தில் சாணி அள்ளித்தான் வளர்ந்தாள். அவள் பெயர் இவருக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

வீரன் விழித்ததில் இவருக்கு ஒரே பூரிப்பு. ஸ்பெயின் குடியானவனும் இப்படித்தான் விழிப்பான் என்று எனக்கு விளக்கம் சொன்னார். பிறகு அவனை விரட்டினார்.

“போயி வண்டியப் பூட்டு. சூரமங்கலத்துல ரயிலப் புடிக்கோணும்.”

சேலத்து ஆஸ்பத்திரியும் அதே வழியில்தான் இருக்கிறது. குழந்தையையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்றேன்.

பெட்டிக்கே இடம் போதாது என்றார். அதோடு, அவர்களோடு ஒரே வண்டியில் உட்கார்ந்து போனால் ஊர் என்ன சொல்லும் என்றார். உலகத்து ஏழைகளுக்காகக் கப்பலேறப் போகிற மனிதர் இவர்தான்.

வீரன் பின்னாலேயே நானும் தொழுவத்துக்குப் போய்விட்டு வந்தேன். வந்து, மடியில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு இவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“ஏனுங்க, இன்னொருக்காச் சொல்லுங்க. சத்தமாச் சொன்னாத்தான் கேக்க நல்லாருக்குது.”

கல்யாணமான நாளிலிருந்து நான் இவரைப் புகழ்ந்ததில்லை. மனிதர் குளிர்ந்துபோனார்.

எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வீடு அதிரக் கத்தினார்.

தூணைப் பார்த்து, உன் பெயர் என்ன என்று கேட்டார். உரலைப் பார்த்து, பசிக்கிறதா என்று கேட்டார். கலப்பையைப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று உருகிக் கேட்டார்.

நான் அசையவில்லை. முகத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டவில்லை. பெண்டாட்டி சொக்கிப் போய்விட்டாள் என்று நினைத்திருப்பார்.

“இன்னொருக்காங்க,” என்றேன்.

தொண்டை கட்டிய பிறகுதான் நிறுத்தினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“வண்டி எங்க புள்ள?”

சுத்தமான தமிழில் கேட்டார்.

வண்டி சின்னாயியை ஏற்றிக்கொண்டு இந்நேரம் ஆட்டையாம்பட்டி தாண்டியிருக்கும்.

முறத்தை எடுத்து வைத்துவிட்டு எழுந்தேன். மாடுகளின் கழுத்திலிருந்து நான் அவிழ்த்து வந்த சலங்கைகள் மடியில் கலகலவென்று குலுங்கின.

“அதையும் அந்தப் பாஷையிலயே கேளுங்க,” என்றேன்.