இராமையாவின் தாடை எலும்பு

"எத்தன மாசத்துக்கு டொக்டர் இதே கதைய சொல்லுவீங்க?"

வேலாயி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஹட்டன் பல் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லாம் கன்னத்தைப் பிடித்தபடியே கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர் அவள் கணவர் இராமையா. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரி வேலை. அப்பா காலை ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து விழுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், கட்டாரில் இருக்கும் மகன் சுமன் ஏற்பாடு செய்த பல் இது. பல் என்று சொல்கிறேனே தவிர, பல் இன்னும் வரவில்லை. தாடை எலும்புக்குள் ஒரு குட்டி டைட்டேனியம் திருகாணி மட்டும்தான் இருந்தது.

டொக்டர் ஜூட்சன் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார். "எலும்பு மெல்ல வளர்ந்து வந்து இந்த ஆணியச் சுத்திப் பிடிச்சுக்கணும். நாலு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் சாராயம், பீடி, வெத்தல மூணும் கூடவே கூடாது. நல்லாப் பிடிச்ச பிறகுதான் மேல பல்லு வைப்போம்."

அந்த நாலு மாதம் இப்போது ஏழு மாதமாகியிருந்தது.

டொக்டர் புது எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். ஆணியை ஒரு கம்பியால் மெதுவாகத் தட்டினார். 'டிங்' என்றது. பிறகு வேலாயியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இன்னும்... பிடிக்கலங்க ஐயா. ஒரு மாசம் பொறுத்துப் பாப்போம்."

இராமையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாரியாத்தா சத்தியமா ஒரு சொட்டுக் குடிக்கல டொக்டர்! கோயில் திருவிழாவுலகூட வெறும் பிளேன்ட்டிதான். கூட்டாளிமாரு எல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்கிறானுங்க."

"ஒழுங்கா இருந்தா அது ஏன் புடிக்காமப் போவுது?" வேலாயி அவர் மேல் பாய்ந்தாள்.

"குளிருதாண்டி காரணம்! நம்ம பக்கம் சீமெந்தே காய மாட்டேங்குது, எலும்பு எங்க ஒட்டப் போவுது? ஒரு ரொட்டியக் கடிச்சுத் திங்க எனக்குக் குடுத்துவைக்கல, அவ்வளவுதான்."

"நீங்க போயி பஸ்ஸுல எடம் போடுங்க. நான் இவருகிட்ட நல்லா நாலு வார்த்த கேட்டுட்டு வாறேன்."

"பாவம்டி, அவரு என்ன செய்வாரு? ரொம்பத் திட்டிப்புடாத." கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இராமையா தளர்ந்து நடந்தார்.

கதவு சாத்தியதும் டொக்டர் எக்ஸ்ரேயைப் பொத்தென்று மேசையில் போட்டார். "அம்மா, எலும்பு கல்லு மாதிரிப் பிடிச்சு மூணு மாசமாச்சு. இன்னும் எத்தன நாளைக்கு என்னைப் பொய் சொல்ல வைக்கப் போறீங்க?"

வேலாயியின் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பினாள்.

"இன்னும் ஒரே ஒரு மாசம் டொக்டர்... கல்யாணம் கட்டி முப்பது வருசத்துல இப்பதான் மனுசன் குடிக்காம வீட்டுக்கு வாறாரு!"