கிளவுஸ் அக்கா

"யாரும் கை வைக்காதீங்க. இதுல கீறல் விழுந்திருக்கு."

கேலரி அதிகாரி இப்படிச் சொன்னதும் டிரைவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான். இப்போதுதான் மரப்பெட்டியின் மூடியைக் கழற்றி, ஓவியத்தைப் பூப்போல் தூக்கி, மெத்தை விரித்த மேசையில் கிடத்தியிருந்தார்கள். ஜன்னலோரம் ஏதோ யோசனையில் உட்கார்ந்திருக்கும் ஓர் இளம்பெண். மடியில் கோத்த கைகள். முப்பது வருடத்துக்கு முன்னால் வரைந்தது. வரைந்தவர் போன வருடம் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து அவர் படங்களின் விலை ஏணி வைத்தாலும் எட்டுவதில்லை.

அதிகாரி பூதக்கண்ணாடியை அந்தப் பெண்ணின் இடது புறங்கைக்கு மேல் பிடித்தார். பிறை மாதிரி வெளிறிய ஒரு சின்னக் கோடு. படம் கிளம்பிய இடத்தில் எழுதி அனுப்பிய அறிக்கையில் ஒவ்வொரு புள்ளியும் வெடிப்பும் குறிக்கப்பட்டிருந்தன. இது மட்டும் இல்லை. கூட வந்த புகைப்படத்திலோ சரியாக அந்த இடத்தில் விளக்கொளி பட்டு வெளுத்திருந்தது. அறிக்கையில் இல்லாத பழுது வழியில் வந்த பழுது. இந்தத் தொழிலில் சட்டம் அவ்வளவுதான்.

வழி முழுக்க லாரி ஓட்டி வந்தவன் டிரைவர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சிபாரிசு செய்தது மனைவியின் அண்ணன். வேலை போனால் மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது?

பக்கத்தில் நின்ற பேக்கரைப் பரிதாபமாகப் பார்த்தான். பெட்டி கட்டுவதில் இருபத்தைந்து வருட அனுபவம் அவளுக்கு. கம்பெனியில் எல்லோருக்கும் கிளவுஸ் அக்கா. அவளை வெறுங்கையோடு பார்த்தவர் யாருமில்லை. டீ குடிப்பதற்கென்றே தனியாக ஒரு ஜோடி வைத்திருந்தாள். குளிக்கும்போதாவது கழற்றுவீர்களா என்று டிரைவர் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். "முதல்ல நீ உன் வாயைக் கழட்டி வை தம்பி, அப்புறம் நான் கிளவுஸைக் கழட்டறேன்."

மேசைப் பக்கம் வந்துவிட்டால் ஓயாமல் பாடம் நடத்துகிறவள், இந்தப் படத்தைக் கட்டிய அன்றும் சரி, இன்று மூடி திறந்ததிலிருந்தும் சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் வாய் திறந்தாள். பெட்டி பலமாகக் குலுங்கியிருந்தால் அதில் ஒட்டிய ஸ்டிக்கர் சிவப்பாகியிருக்கும், அது வெள்ளையாகவே இருக்கிறது என்றாள். பஞ்சோ அட்டையோ படத்தின் முகத்தைத் தொடாத மாதிரிதான் கட்டியிருக்கிறேன் என்றாள்.

"அப்போ கீறல் தானா வந்து உட்கார்ந்துச்சா?" சேத அறிக்கைத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார் அதிகாரி. பெட்டி கட்டியவர் பெயரைத்தான் முதலில் கேட்டார்.

டிரைவருக்கு மனசு கேட்கவில்லை.

"சார், வழியில ஒரு நாய் குறுக்க வந்துச்சு. சடார்னு பிரேக் அடிச்சேன். தப்பு என்னோடது. அக்கா கட்டினதுல ஒரு குறையும் இல்ல."

தேடிய பொருள் கிடைத்த திருப்தியோடு அதிகாரி எழுதத் தொடங்கினார். வேலை போய்விட்டது என்று டிரைவர் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டான்.

கிளவுஸ் அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப் போகிறாளா, அழப் போகிறாளா, தெரியவில்லை. பிறகு மேசையை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சார். நான் கிளவுஸைக் கழட்டிக்கட்டுமா?"

"ஓவியத்துக்குப் பக்கத்துல வெறுங்கையா? இத்தனை வருஷ சர்வீஸ், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"தொட மாட்டேன் சார்."

விரல் விரலாக இழுத்து இடது கையுறையைக் கழற்றினாள். புறங்கையை விளக்குக்குக் கீழே நீட்டினாள். தோல் சுருங்கத் தொடங்கிய, நரம்பு புடைத்த கை. அதன் நடுவில் வெளிறிய ஒரு பிறை. அதே சாய்வு, அதே வளைவு.

பூதக்கண்ணாடி கையிலிருந்து படத்துக்குப் போனது. படத்திலிருந்து கைக்கு வந்தது. கடைசியில் அவள் முகத்துக்கு எதிரே வந்து அப்படியே நின்றது.

"பத்தொன்பது வயசுல, இந்தப் படம் வரைஞ்சவரு வீட்டுத் துணியெல்லாம் நான்தான் தேய்ப்பேன். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இது" என்றாள் கிளவுஸ் அக்கா. "அப்பல்லாம் நான் கிளவுஸ் போடறதில்ல, சார்."