செவ்வாயில் வாடகைக்கு வீடு

புறப்பட இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. வெள்ளி உடுப்பும் கண்ணாடி ஹெல்மெட்டுமாக மூன்று விண்வெளி வீரர்கள் தயாராக நிற்க, நான்காமவன் மட்டும் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு, காதிலிருந்து பட்டாணி அளவு மெஷினைக் கழற்றிப் பைக்குள் ஒளித்தான்.

அவன், விண்வெளி வீரர் வேஷத்தில் மேடையேறும் 'கிரகக் கோளாறு' பங்க் ராக் இசைக்குழுவின் டிரம்மர். அன்று அவர்களின் புது ஆல்பம் 'செவ்வாயில் வாடகைக்கு வீடு' வெளியாகிறது.

ஹெல்மெட்டுக்குள் காது மெஷின் விசிலடிக்கும். அதைக் கழற்றிவிட்டால் உலகமே ஊமை. விஷயம் தெரிந்தால் கேப்டன் என்கிற பாடகி அன்றைக்கே ஆளை மாற்றிவிடுவாள். டாக்டரைத் தவிர யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை.

ஒரு வருஷமாக அவனைக் காப்பாற்றி வந்தது பேஸ் கிட்டார் வாசிக்கும் நெட்டையனின் இடது கால். நெட்டையன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, டிரம்மைப் பார்த்துத்தான் நிற்பான். அந்தத் திமிருக்கென்றே தனி ரசிகர்கள் உண்டு. ரெக்கார்டிங்கிலும் ஹெல்மெட்டோடு எல்லோரும் ஒன்றாகத்தான் வாசிக்க வேண்டும் என்பது கேப்டனின் பிடிவாதம். அங்கேயும் அந்தக் கால் தட்டுவதைப் பார்த்தே டிரம்மர் ஒப்பேற்றினான். ஆல்பத்தில் தாளம் போகப் போக மெதுவாவதை, 'ஈர்ப்பு விசை இல்லாத இசை' என்று முன்கூட்டியே கேட்ட ஒரு விமர்சகர் சிலாகித்து எழுதியிருந்தார்.

மேடையில் மூன்றாவது பாட்டு. கேப்டன் ஒயரில் கால் தடுக்கி விழ, பிளக் பிடுங்கிக்கொண்டது. மைக், கிட்டார் எல்லாம் அடங்கிப்போயின. அது டிரம்மருக்கு எப்படித் தெரியும்? கால் தட்டியது, அவன் அடித்தான். கேப்டன் எதிரே வந்து இரண்டு கையையும் ஆட்டிய பிறகுதான் அவன் நிறுத்தினான். அப்புறம்தான் நெட்டையனும் நிறுத்தினான்.

நிகழ்ச்சி முடிந்ததும் உடை மாற்றும் அறையில், மெஷினை மாட்டி முடியால் மறைத்துக்கொண்டு நின்றான் டிரம்மர்.

"நான் தொண்டை கிழியக் கத்துறேன், ரெண்டு பேரும் உங்க பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருக்கீங்க" என்றாள் கேப்டன். "நாளைக்குக் காலைல எனக்குக் காரணம் தெரிஞ்சாகணும். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அறையில் அவர்கள் இருவர் மட்டும்.

தன் காது விஷயத்தை எப்படியோ கண்டுகொண்டு, தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதானே இவனும் நிறுத்தாமல் வாசித்துத் திட்டு வாங்கினான் என்று நினைத்தான் டிரம்மர். பன்னிரண்டு வருஷம் டிரம்ஸ் அடித்தவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. நெட்டையனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காகத்தானேடா வாசிச்சே? உன்கிட்ட மறைக்க மாட்டேன். எனக்குக் காது போச்சு. ஒரு வருஷமா உன் காலைப் பார்த்துத்தான் அடிக்கிறேன். நீதான்டா ஏதாவது சொல்லிச் சமாளிக்கணும். இல்லைன்னா என் பொழைப்பே போயிடும்."

நெட்டையன் அவன் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் சொல்லி முடித்ததும் முகம் வெளுத்து, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்கும் கேக்காதுடா. உன் குச்சியைப் பார்த்துத்தான் நான் காலைத் தட்டுறேன்."