வகுப்பிலேயே குட்டை

“கிளாஸ்லயே என் பொண்ணுதான் குட்டை டாக்டர். மூணு தடவை ரத்தம் எடுத்தாச்சு. இன்னும் வளர்றதுக்கு ஊசி போட மாட்டேங்கறீங்க. நீங்கல்லாம் என்னத்தப் படிச்சீங்களோ!”

அப்பா மேசையைத் தட்டினார். சிறுமி, ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கையைத் தடவிக்கொண்டாள்.

டாக்டருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா கை எக்ஸ்ரேல எலும்புக்கு ஆறு வயசுன்னு காட்டுது. இவளுக்கு எட்டுதானே?”

“எட்டுதான்! ஸ்கூல்ல சேர்க்கறப்ப நாங்க குடுத்த பர்த் சர்டிபிகேட்டே இருக்கு. முதல்ல உங்க எக்ஸ்ரே மெஷினைத் தூக்கிக் குப்பையில போடுங்க!”

டாக்டர் சிறுமியிடம் குனிந்தார். “நீ சொல்லும்மா, உனக்கு என்ன வயசு?”

அவள் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள்.

“எது டாக்டர்? வீட்டு வயசா, ஸ்கூல் வயசா?”