மின்மினி வாங்கிய கறுப்புப் பெட்டி

மழைக்காலம் முழுக்கச் சேர்த்த காசோடு மின்மினி, கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்கப் போனது. கடைக்காரப் பச்சோந்தி, வண்ண விளக்குகள் ஓடும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டியது. பெட்டியோடு சேர்ந்து தானும் சிவந்தது, நீலமானது.

“கேம் திக்காம ஓடுமாண்ணே?”

“கொஞ்சம் திக்கும். லைட்டைப் பாருங்க தம்பி.”

மூலையில் அதே விலைக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. உள்ளே நல்ல கிராபிக்ஸ் கார்டு.

“அது வேணாம். இழவு வீடு மாதிரி இருக்கும்” என்றது பச்சோந்தி.

மின்மினி அதைத்தான் வாங்கியது.

சாயங்காலம் விளையாட வந்த வெட்டுக்கிளி அசந்துபோனது. கறுப்புப் பெட்டியின் துளைகளெல்லாம் பச்சையாக மின்னின.

“லைட் வச்சதா? ரொம்பச் செலவாயிருக்குமேடா.”

“லைட் வீட்லயே இருந்துச்சுடா” என்றபடி மின்மினி பெட்டிக்குள்ளேயிருந்து வெளியே வந்தது.

பெட்டி இருண்டது. கேம் திக்காமல் ஓடியது.